வரைபடத்துக்கு முன் நாள்காட்டி: ஆப்பிரிக்காவில் எதை எப்போது பார்ப்பது

ஆப்பிரிக்கா போவதென்று முடிவு செய்தவர் முதலில் விரிப்பது வரைபடத்தைத்தான். வடக்கே பிரமிடு, கிழக்கே கிளிமஞ்சாரோ, தெற்கே விக்டோரியா அருவி என்பது போல நாலு புள்ளி வைத்து, அவற்றுக்கு நடுவே விமானம் தேட ஆரம்பிக்கிறார். இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு பரப்பும் 54 நாடுகளும் கொண்ட கண்டம் அது. நிலநடுக்கோடு ஏறக்குறைய அதன் இடுப்பில் ஓடுகிறது. வடக்கே வெயில் கொளுத்தும்போது தெற்கே போர்வை தேட வேண்டியிருக்கும். ஓரிடத்தில் மழை கொட்டும் மாதத்தில் இன்னோரிடத்தில் புழுதி பறக்கும். அதனால் எந்தத் தேதியில் கிளம்பினாலும் வைத்த நாலு புள்ளியில் இரண்டு தவறான சமயத்தில்தான் அமையும். இயற்கைக் காட்சி, வரலாற்றுச் சின்னம், வழிபாட்டுத் தலம் என்று இடங்களை மூன்று கட்டாகப் பிரித்து அடுக்கும் நூல்கள் இந்தச் சிக்கலைக் கண்டுகொள்வதில்லை. இந்த அத்தியாயம் வேறு வழியில் போகிறது. லீவு எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மாதத்தில் கண்டத்தின் எந்த மூலை நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். வரைபடம் அதற்குப் பிறகு போதும். இது வெறும் வானிலைக் கணக்கு என்று தோன்றலாம். கற்கோயில்களுக்கும் இதே கணக்குத்தான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் அருவி. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் ஜாம்பேசி ஆறு 1,708 மீட்டர் அகலத்தில் 108 மீட்டர் பள்ளத்துக்குள் விழும் இடம் விக்டோரியா அருவி. 1855-இல் அங்கே வந்த பிரிட்டிஷ் பயணி லிவிங்ஸ்டன் தன் ராணியின் பெயரை வைத்துவிட்டுப் போனார். உள்ளூர்ப் பெயர் மோசி-ஓவா-துன்யா, அதாவது இடியாய் முழங்கும் புகை. இதே அருவிக்கு ஏப்ரலில் போகிறவரும் நவம்பரில் போகிறவரும் பார்ப்பது ஒன்றல்ல. மேல்நிலங்களில் பெய்த மழையெல்லாம் வந்து சேரும் ஏப்ரலில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். அப்போது எதிர்க்கரைப் பாதையில் நடப்பவர் மேலே கீழே என்று எல்லாப் பக்கமும் சாரலில் நனைவார். பள்ளத்திலிருந்து எழும்பும் நீர்த்திவலை திரையாக நின்று அருவியையே மறைத்துவிடும். காது நிறையும், கண்ணுக்குப் பாதிதான் கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கத்தின் பெரும்பகுதி வெறும் கரும்பாறைச் சுவராக நிற்கும். அதைப் படம் பிடித்து ஏமாற்றம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்த அந்த மாதங்களில்தான் விளிம்பில் இருக்கும் லிவிங்ஸ்டன் தீவுக்குப் போய், கீழே விழும் இடத்துக்கு ஓரடி உள்ளே இருக்கும் பாறைக் குளத்தில் இறங்கிக் குளிக்க முடியும். அருவி முழுதாக, தெளிவாக, ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பவருக்கு ஜூன், ஜூலை. ஆக விக்டோரியா அருவி பார்க்கத் தகுந்ததா என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த மாதத்து அருவி என்று கேட்டால் பதில் உண்டு.

அடுத்த ஊருக்கு இதே கணக்கு பொருந்தும் என்று நினைத்தால் அங்கே ஒகவாங்கோ டெல்டா தலைகீழாக நிற்கிறது. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, கடலுக்குப் போகாமல் தென்கிழக்காக இறங்கி, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விரல் விரலாகப் பிரிந்து காய்ந்துபோகிறது. நிலம் அவ்வளவு தட்டை என்பதால் தண்ணீர் ஆமை வேகத்தில்தான் வரும். பெய்தது டிசம்பரில், டெல்டாவின் கீழ்க்கோடியில் உள்ள மவுன் ஊருக்கு வெள்ளம் வருவது ஜூன், ஜூலை வாக்கில். அதற்குள் உள்ளூரில் மழைக்காலம் முடிந்து, வானத்தில் ஒரு துண்டு மேகம் கூட இராது. சுற்றிலும் வறட்சி, நடுவில் வெள்ளம்: யானையும் எருமையும் வேறு எங்கே போகும்? 2014-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-ஆவது இடமாகச் சேர்ந்தது இதுதான். மழைக்காலத்தில்தான் ஆறு நிறைந்திருக்கும் என்ற நம் ஊர் அனுபவத்தை நம்பி ஜனவரியில் போகிறவர், விலங்கு சிதறிப்போன சேற்றுநிலத்தைப் பார்த்துத் திரும்புவார்.

செரங்கெட்டியும் அப்படித்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் (மாட்டு முகமும் மெலிந்த காலும் தாடியும் கொண்ட விலங்கு) புல்லைத் தேடித் தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரியில் அவை தெற்கே இந்தூட்டு சமவெளியில் கன்று ஈனும். மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே குதித்துக் கடக்கும் காட்சி வடக்கே, ஜூலை முதல் அக்டோபர் வரை. செரங்கெட்டி என்று மட்டும் சொல்லி விடுதி பதிவு செய்வது தஞ்சாவூர் ஜில்லாவில் கல்யாணம் என்று மட்டும் அழைப்பிதழில் போடுவது மாதிரி. எந்த மாதம், எந்தப் பகுதி என்று கேட்காமல் பணம் வாங்கும் ஏற்பாட்டாளரை விட்டு விலகுங்கள். இந்த விதிக்கு அடங்காத ஓர் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ங்கோரோங்கோரோ எரிமலைக் குழி சுமார் 19 கிலோமீட்டர் குறுக்களவும் 600 மீட்டர் ஆழமும் உடையது. உள்ளே வற்றாத நீர் இருப்பதால் பெரும்பாலான விலங்குகள் இடம் மாறுவதில்லை. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவருக்கு அந்தக் குழிதான் கதி.

சரி, விலங்குக்கும் வெள்ளத்துக்கும் பருவம் உண்டு; கல்லுக்கு ஏது பருவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரமிடு எந்த மாதமும் அதே இடத்தில் அதே உயரத்தில் நிற்கும். ஆனால் அபு சிம்பெலைப் பாருங்கள். எகிப்தின் தென்கோடியில் இரண்டாம் ராம்செஸ் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து கட்டிய கோயில் அது. வாசலில் 20 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு சிலைகளும் அந்த அரசனே. ஆண்டுக்கு இரண்டே நாள், பிப்ரவரி 22-உம் அக்டோபர் 22-உம், உதய சூரியன் சுமார் 60 மீட்டர் உள்ளே நுழைந்து கருவறையைத் தொடுகிறது. அங்கே வரிசையாக இருக்கும் நால்வரில் அமூன், ராம்செஸ், ரா-ஹொராக்தி மூவர் மேல் ஒளி விழுகிறது. மறுமை உலகோடு தொடர்புடைய தெய்வமான ப்தா மட்டும் நிழலிலேயே இருந்துவிடுகிறது. அஸ்வான் உயர் அணை கட்டியபோது இந்தக் கோயில் தண்ணீரில் மூழ்க இருந்தது. 1964 முதல் 1968 வரை அதைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலேயும் சுமார் 200 மீட்டர் பின்னாலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மலையையே பெயர்த்த அந்தப் பொறியாளர்கள் பிடிவாதமாகக் காப்பாற்றியது திசையை. இடம் மாறியும் ஒளி வரும் நாள் ஒரு நாளுக்கு மேல் பிசகவில்லை என்பார்கள். கட்டியவனுக்கு மட்டுமல்ல, பெயர்த்தவர்களுக்கும் அந்தக் கோயிலில் நாள் ஒரு பாகம். தூண் போல, சுவர் போல. அந்த இரண்டு நாளும் கூட்டம் நள்ளிரவுக்குப் பிறகே வரிசை கட்டிவிடும், ஒளி நிற்பதோ ஏறத்தாழ 20 நிமிடம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மற்ற நாளில் போகிறவர் அஸ்வானிலிருந்து விடியுமுன் கிளம்பினால், கிழக்கு நோக்கிய அந்த முகப்பில் காலை வெயில் விழும் நேரத்தையாவது பிடிக்கலாம். அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம் இருக்கிறது.

மாலியின் ஜென்னே நகரப் பெரிய மசூதி இந்த வாதத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. இப்போதுள்ள கட்டடம் 1907-இல் எழுப்பியது. மண்ணால் கட்டியவற்றில் உலகிலேயே பெரியது என்பார்கள். மழை அதைக் கரைக்கும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் ஊரே திரண்டு புதுச் சேறு பூசுகிறது. பானி ஆற்றங்கரை மண்ணைத் தவிட்டோடு குழியில் ஊறவைத்து, சிறுவர்கள் மிதித்துப் பதமாக்க, பெண்கள் தண்ணீர் சுமக்க, கொத்தனார்கள் சுவரில் துருத்தி நிற்கும் பனங்கட்டைகளில் ஏறி வெறுங்கையால் பூசுவார்கள். அந்தக் கட்டைகள் அழகுக்கு என்று நினைத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் விடை கிடைக்கும்: அவை நிரந்தரச் சாரம். இவ்வளவு சொல்லிவிட்டு, இப்போது போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலியில் 2012 முதல் நீடிக்கும் வன்முறையால் ஜென்னேயும் திம்புக்துவும் பயணிக்கு உகந்த ஊர்களாக இல்லை. நாள்காட்டியில் பாதுகாப்பும் ஒரு பருவம்தான், அது எப்போது மாறும் என்பதை மேகம் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் காலமும் இடமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது எத்தியோப்பியாவின் லாலிபெலாவில். வடக்கு மேட்டு நிலத்தில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், செம்பாறையைக் குடைந்த 11 தேவாலயங்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட லாலிபெலா அரசன் பெயரால் ஊருக்கும் பெயர். நம் கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் போலவே இங்கும் வேலை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறது. தரையில் அகழி வெட்டி நடுவே பாறையைத் தனியாக்கி, அதையே கூரையாக, சன்னலாக, தூணாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெத்த கியோர்கிஸ் ஆலயத்தைத் தேடிப் போகிறவருக்குத் தூரத்திலிருந்து எதுவும் தெரியாது. விளிம்புக்குப் போய்க் குனிந்தால் காலடியில் சிலுவை வடிவக் கூரை கிடக்கும். இது எந்த நாளும் கிடைக்கும் காட்சி. ஜனவரி 7 மட்டும் வேறு. அன்று அவர்களுடைய கிறிஸ்துமஸான கென்னா. பல நாள் நடந்து வந்த யாத்ரீகர்கள் வெள்ளைப் பருத்தித் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அகழிகளையும் பாறை விளிம்புகளையும் நிறைத்திருப்பார்கள். காலையில் பெத்த மரியாம் ஆலயத்தில் குருமார் ஒரு கூட்டம் மேல் விளிம்பிலும் இன்னொரு கூட்டம் கீழ்த் தரையிலும் நின்று, கெபெரோ முரசடிக்கு மெல்ல அசைந்தபடி மாறி மாறிப் பாடுவார்கள். மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம், நடுவே அகழி என்ற அமைப்பு வெறும் வேலைப்பாடு என்று அதுவரை நினைத்திருந்தவருக்கு, பாட்டு மேலிருந்து கீழே இறங்கும்போது அது எதற்கென்று புலப்படும். ஆளில்லாத நாளில் இந்த ஆலயங்களைப் பார்ப்பது, கச்சேரி இல்லாத நாளில் மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குச் சமம். ஜனவரி 7 முடியாவிட்டால் 19-ஆம் தேதி திம்கத் விழா உண்டு. லீப் ஆண்டில் அது 20-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். அங்கே போகும்முன் ஒன்று: அம்ஹாரா மாநிலத்தில் 2023 முதல் சண்டை இருந்து வருவதால், டிக்கெட் எடுக்குமுன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் நகரக் கூடாது.

திருவிழாவில் போனால் விலை இரட்டிப்பு, கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது, அதோடு பிறர் கும்பிடும் இடத்தில் வேடிக்கை பார்ப்பது முறையா என்று மூன்று மறுப்புகளை ஒரே மூச்சில் சொல்லலாம். விலை விஷயம் உண்மை, அதற்கு மாற்று இல்லை. கூட்டத்துக்கு மாற்று உண்டு: விழாவுக்கு மூன்று நாள் முன்பே போய், ஆலயங்களை அமைதியாகப் பார்த்து முடித்துவிட்டு, விழா நாளில் ஓரிடத்தில் நின்றுவிடுவது. மூன்றாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது நாளைப் பற்றியதல்ல, நடத்தையைப் பற்றியது. செருப்பைக் கழற்றுவது, தலையை மூடுவது, பாடும் குருவின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமலிருப்பது ஆகியவை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நைஜீரியாவின் ஒசொக்போ வனத்தில் ஆகஸ்டு மாதம் நடக்கும் ஓசுன் நதித்தெய்வ விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அது வெளியாரையும் வரவேற்கும் விழா. மாறாக, ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் ங்ஜெலெலே என்ற மழைக்கோயில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் மக்கள் ம்வாரி தெய்வத்திடம் மழை கேட்கப் போகும் இடம் அது. அங்கே நாம் போகவே கூடாது. எந்த விழா திறந்தது, எது மூடியது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் திட்டமிடலில் சேரும்.

இதையெல்லாம் விட வலுவான மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வரும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும்தான். பிப்ரவரி, அக்டோபர் என்று சொன்னால் யாரால் போக முடியும்? இதற்காகத்தான் நாள்காட்டியை முதலில் எடுக்கச் சொல்கிறேன். அந்த ஆறு வாரம் கிழக்கு ஆப்பிரிக்காவில் மசிகா என்னும் நீண்ட மழைக்காலம். செரங்கெட்டி மண்சாலைகள் குழம்பாகிவிடும், சில கூடாரங்கள் மூடிக் கிடக்கும், கிளிமஞ்சாரோவின் 5,895 மீட்டரை ஏறுகிறவர் மேகத்துக்குள்ளேயே நடப்பார். எகிப்தில் பாலைக்காற்றும் வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். வரைபடத்தை முதலில் எடுக்கும் தமிழ்க் குடும்பம் போய் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான். ஆனால் அதே வாரங்களில் ஜிம்பாப்வே கண்டத்தின் மிகச் சிறந்த மூலைகளில் ஒன்றாக இருக்கிறது. விக்டோரியா அருவி வெள்ளத்தோடு இருக்கும், மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், வெயில் சுடாது. அருவியிலிருந்து சுமார் 440 கிலோமீட்டரில் புலவாயோ. அதன் தெற்கே மட்டோபோ குன்றுகள்: ஒன்றன் மேல் ஒன்றாகத் தாங்கி நிற்கும் கருங்கல் உருண்டைகள், குகைகளில் வேட்டைக்காரர்கள் தீட்டிய பழைய ஓவியங்கள். ஆவிகள் குடியிருப்பதாக அந்த மக்கள் நம்பும் குன்றின் உச்சியிலேயே 1902-இல் செசில் ரோட்ஸைப் புதைத்திருக்கிறார்கள். பிறர் நாட்டைப் பிடித்தவர் அவர்களுடைய புனித இடத்தையும் சமாதிக்கு எடுத்துக்கொண்டார் என்பதை அந்த உச்சியில் நின்று யோசிக்கலாம்.

அங்கிருந்து கிழக்கே, மஸ்விங்கோ ஊருக்குப் பக்கத்தில், மகா ஜிம்பாப்வே. நாட்டுக்குப் பெயர் கொடுத்த இடம் இது. 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை தழைத்த நகரம். அதன் பெரிய சுற்றுச்சுவர் ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவும் 11 மீட்டர் வரை உயரமும் கொண்டது. ஒரு சிட்டிகைச் சாந்து இல்லை. கருங்கல்லைச் செங்கல் போலச் சீவி அடுக்கியதோடு சரி. இதைக் கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது, ஃபினீஷியர் கட்டினார்கள், ஷீபா அரசி கட்டினாள் என்றெல்லாம் வெள்ளைக் குடியேறிகள் கதை கட்டினார்கள். தொல்லியலாளர்களான மாக்ஐவர் 1905-இலும் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் 1929-இலும் தோண்டிப் பார்த்து, உள்ளூர் ஆப்பிரிக்கர் கட்டியதே என்று நிறுவினார்கள். ஆனாலும் பழைய கதையை அன்றைய வெள்ளையர் ஆட்சியான ரொடீஷிய அரசு எளிதில் விடவில்லை. இங்கேயும் மாதம் முக்கியம். மலைமேல் பகுதிக்குப் போகும் படிகள் பாறை இடுக்கில் ஓராள் நுழையும் அகலமே உள்ளவை. ஜனவரி மழையில் வழுக்கும், அக்டோபர் வெயிலில் மூச்சு வாங்கும். மே மாதத்து மாலையில் ஏறினால் இரண்டு தொல்லையும் இல்லை, கீழே சுவரின் வளைவு முழுதும் சாய்வெயிலில் தெரியும். ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். அங்கே அது குளிர்காலத்தின் வாசல். அருவி, குகை ஓவியம், கல் நகரம் மூன்றையும் ஒரே நாட்டுக்குள் பத்து நாளில் நிதானமாக முடிக்கலாம். நாலு நாட்டுப் புள்ளிகளை நாலு விமானத்தில் தொடுவதற்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

பருவமே தடம் புரண்டிருக்கும் காலத்தில் நாள்காட்டியை நம்பலாமா என்ற சந்தேகமும் எழும். 2019 வறட்சியில் விக்டோரியா அருவி மெலிந்து நூலாகிப்போன படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆகவே நாள் குறிப்பதைவிட மாதம் குறிப்பது நல்லது. மாரா ஆற்றுக் கரையில் விலங்கு கடக்குமா என்று காத்திருக்கக் குறைந்தது மூன்று நாளாவது வையுங்கள். ஒரே நாளில் வந்து போகிறவர்கள் சூதாடுகிறார்கள். ஆனால் நாள்காட்டி நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது என்பதால் அதைக் கைவிடுவது, ரயில் தாமதமாகும் என்பதால் நேர அட்டவணையைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பலோட்டியவர்கள் இதை ஆயிரம் ஆண்டாகப் பழகியிருக்கிறார்கள். டிசம்பரில் தொடங்கும் கஸ்காசி என்ற வடகிழக்குக் காற்றில் அரபு நாட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து, குசி என்ற தென்காற்று எழும் வரை காத்திருந்து திரும்பினார்கள். அந்தக் காத்திருப்பில் பிறந்த ஊர்கள்தான் ஜான்சிபாரும் லாமுவும் கில்வாவும். காற்று சில வாரம் தள்ளிப்போன ஆண்டுகளும் இருந்திருக்கும். அதற்காக யாரும் எதிர்காற்றில் பாய் விரிக்கவில்லை.

இன்னொரு நாள்காட்டியையும் பார்த்துவிடுங்கள். ரமலான் நம் ஆங்கில ஆண்டில் வருஷத்துக்கு 11 நாள் முன்னுக்கு நகரும். எகிப்திலும் மொராக்கோவிலும் அந்த மாதத்தில் பல இடங்கள் சீக்கிரம் மூடும், பகலில் சாப்பாட்டுக் கடை கிடைப்பது அரிது. சூரியன் மறைந்த பிறகு தெருவுக்கு வரும் உயிர்ப்போ வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. நாள் முழுக்கச் சுற்ற நினைப்பவர் தவிர்க்கட்டும், இரவில் ஊர் பார்க்கப் பிடித்தவர் போகட்டும். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் விரதங்களோ சைவச் சாப்பாட்டுக்காரருக்கு வரப்பிரசாதம். புதன், வெள்ளி, மற்ற நோன்பு நாள்களில் இறைச்சியும் பாலும் தொடமாட்டார்கள். அன்று யெத்சோம் பெயாய்நெட் என்று கேட்டால், புளித்த தெஃப் மாவில் தோசை போல வார்த்த இஞ்சேரா மேல் பருப்பு, கீரை, கடலைமாவுக் குழம்பு எல்லாம் சுற்றி வைத்து வரும்.

தேதி முடிவானதும் முதல் வேலை விசா அல்ல, ஊசி. எத்தியோப்பியா, கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருந்தால்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், எந்தக் கிழமை என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தியோப்பியா போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே ஆண்டுக்கு 13 மாதம். ஆண்டுக் கணக்கு நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். கடிகாரமும் விடியலில் தொடங்குகிறது: நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒரு மணி. விமான டிக்கெட்டில் உலக நேரம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் லாலிபெலா போகும் வேன்காரர் இரண்டு மணிக்குக் கிளம்புகிறோம் என்றால், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். அவர் காலை எட்டுக்கே போயிருப்பார்.